சப்தத்தை அடக்கிய மாக்ஸிம்

மாக்ஸிம் என்ற பெயரைக் கேட்டால் பலருக்குத் துப்பாக்கி வெடிதான் நினைவுக்கு வரும். நிமிஷத்துக்கு 600 குண்டுகள் வரை ஓயாமல் கக்கும் இயந்திரத் துப்பாக்கியை 1884-ம் ஆண்டில் லண்டனில் செய்து முடித்தவர் ஹிரம் ஸ்டீவன்ஸ் மாக்ஸிம். பிறப்பால் அமெரிக்கர். பின்னால் ஆங்கிலப் பிரஜையாகி, 1901-ல் ஸர் பட்டமும் பெற்றார். ராஜாக்களும் ராணுவ மந்திரிகளும் பார்த்து வியக்கும்படி, தாம் செய்த துப்பாக்கியைத் தாமே பக்கத்தில் நின்று சுட்டுக் காட்டுவார். வருஷக் கணக்கில் இப்படி நின்றதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. அவருடைய காதுகள் போயின. முதுமையில், பக்கத்தில் இருப்பவர் உரக்கப் பேசினாலும் அவருக்குக் கேட்பது அபூர்வம்.

அந்த மனிதருக்கு ஒரே மகன். தகப்பனார் சப்தத்தை உண்டாக்கிப் பேர் வாங்கினார் என்றால், மகன் சப்தத்தை அடக்கிப் பேர் வாங்கினார். இன்று தெருவில் ஓடும் மோட்டார் கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றின் அடியிலும் ஒரு தகரக் குடுவை தொங்குகிறதே, அந்தச் சைலன்சரின் சரித்திரத்தில் ஹிரம் பெர்ஸி மாக்ஸிம் என்ற அந்த மகனுக்குத் தனி இடம் உண்டு. தம் கையால் விமானம் கட்டிப் பறக்கிறவர்கள் இன்றைக்கும் மல்லுக்கட்டிக் கொண்டிருக்கும் ஒரு சங்கடத்தின் சூட்சுமமும் அவருடைய பட்டறையில்தான் இருக்கிறது.

தகப்பனார் போன பிறகு

பெர்ஸி 1869 செப்டம்பர் 2-ந் தேதி நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் பிறந்தார். தகப்பனார் அப்போது பெரிய மனிதர் அல்ல. காஸ் விளக்கு, மின்சார விளக்கு என்று எதையாவது செய்துகொண்டிருந்த தொழிலாளி மேதை. வீட்டில் குழந்தைகளிடம் விளையாட்டும் வேடிக்கையும் அதிகம். அவர் செய்யும் குறும்புகளைக் கண்டு குழந்தைகள் சிரிப்பார்கள், சில சமயம் அழவும் செய்வார்கள். தாயார் ஜேன், கணவர் அடுத்து என்ன செய்வாரோ என்று எப்போதும் கவலையிலேயே இருப்பார்.

1881-ல் பாரிஸில் மின்சாரக் கண்காட்சி நடந்தது. அதற்காகக் கப்பல் ஏறிய தகப்பனார் பிறகு இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். அங்கே வேறொரு பெண்மணியோடு குடும்பம் ஏற்பட்டது. பெர்ஸிக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டு சகோதரிகளும் அவரும் தாயாரிடம் வளர்ந்தார்கள். தகப்பனாரின் புகழ் மட்டும் பத்திரிகைகளின் வழியாக அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

பையன் மட்டும் சூட்டிகை. பாஸ்டன் நகரில் அப்போது இருந்த மாசாசூசெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தில் படித்து, 1886-ல் பதினாறு வயதிலேயே வெளியே வந்துவிட்டார். அந்த ஆண்டு தேறியவர்களில் அவரே வயதில் சிறியவர். சில வருஷங்கள் இங்குமங்கும் வேலை பார்த்துவிட்டு, லின் என்ற ஊரில் பீரங்கிக் குண்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக அமர்ந்தார்.

1892-ல் ஓர் இரவு. பக்கத்து ஊரான சேலத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு லின்னுக்குத் திரும்புகிறார். கால் வலிக்கிறது. இந்த மிதிக்கும் வேலையை ஒரு சிறு இயந்திரம் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நேயர்கள் சிரிக்கலாம், ஆனால் மோட்டார் யுகத்தின் பல முன்னோடிகளுக்கு அந்த எண்ணம் இப்படிக் கால் வலியில்தான் பிறந்தது. ஐரோப்பாவில் டைம்லரும் பென்ஸும் ஏற்கெனவே பெட்ரோல் வண்டி ஓட்டிவிட்டார்கள் என்பது பெர்ஸிக்குத் தெரியாது.

பெட்ரோலின் குணத்தை அறிய அவர் செய்த முதல் பரிசோதனையைக் கேட்டால் இன்றைய தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு மயக்கம் வரும். கடையில் கொஞ்சம் பெட்ரோல் வாங்கி வந்தார். குண்டுத் தொழிற்சாலையில் வெற்றுப் பித்தளைத் தோட்டாக் கூடுகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு கூட்டில் ஒரே ஒரு சொட்டு விட்டு, மரக்கட்டையால் வாயை மூடி, உருட்டி ஆவியாக்கி, பிறகு கட்டையை எடுத்துவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். எழுந்த வெடியில் அவரே திடுக்கிட்டுப் போனார். ஒரு சொட்டுக்கு இத்தனை ஆவேசமா என்று அவருக்கு ஆச்சரியம். இந்த ஆவேசத்தை நிமிஷத்துக்கு நூற்றுக் கணக்கான முறை ஒரு சிலிண்டருக்குள் அடைத்து வேலை வாங்குவதுதான் என்ஜின் என்பது அன்று புரிந்தது. அத்தனை முறையும் அது சத்தம் போடும் என்பதும் கூடவே புரிந்திருக்க வேண்டும்.

மூன்று சிலிண்டர் என்ஜின் ஒன்றை அவரே வரைந்து, கடைந்து, பழைய மூன்று சக்கரச் சைக்கிளில் பொருத்தினார். அந்த வண்டி அவரை மேட்டிலிருந்து உருட்டிவிட்டது வேறு கதை. அந்த முயற்சி ஹார்ட்போர்டு நகரில் கொலம்பியா சைக்கிள்களைச் செய்து வந்த போப் கம்பெனியின் காதுக்கு எட்டியது. 1895-ல் அவர்கள் பெர்ஸியை அழைத்துத் தங்கள் மோட்டார் வண்டிப் பகுதியை ஒப்படைத்தார்கள்.

வெடியின் மேல் உட்கார்வதா?

முதலாளி கர்னல் போப்புக்குப் பெட்ரோல் வண்டியில் நம்பிக்கை இல்லை. வெடித்துக்கொண்டே இருக்கும் ஒரு சாதனத்தின் மேல் எந்தப் புத்தியுள்ள மனிதனும் உட்காரச் சம்மதிக்க மாட்டான் என்பது அவருடைய கட்சி. மின்சார வண்டி சத்தமில்லாமல், புகையில்லாமல் ஓடியது. ஆகவே 1897 மே மாதத்தில் கொலம்பியா மின்சார வண்டிதான் ஊரறிய வெளியிடப்பட்டது. பெர்ஸிக்கு மனம் பெட்ரோலில். வயிற்றுப் பிழைப்பு மின்சாரத்தில். 1899-ல் பிரான்போர்டு என்ற இடத்தில் வட்டப் பாதையில் நடந்த மோட்டார் பந்தயத்தில், அவர் ஓட்டிய பெட்ரோல் வண்டி முதலாவதாக வந்தது. ஆனாலும் கம்பெனியின் மனம் மாறவில்லை.

கர்னல் போப் சொன்னதில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட முடியாது. அந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டி தெருவில் வந்தால் குதிரைகள் மிரண்டு வண்டியைக் குடை சாய்க்கும். சத்தத்தை அடக்காவிட்டால் என்ஜினுக்கு எதிர்காலம் இல்லை. இதற்கு முயன்றவர்களில் பெர்ஸி முதல்வர் என்று சொல்லிவிடக் கூடாது. இண்டியானா மாநிலத்து ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-லேயே மோட்டாரின் கழிவுப் புகைக்கு ஓர் அடக்குக் கருவி செய்து காப்புரிமை பெற்றிருந்தார்கள். ஆனால் சப்தம் எங்கே பிறக்கிறது என்று அடிவரை யோசித்து, அதையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர் பெர்ஸி.

இதை விளங்கிக்கொள்ளப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். கோலி சோடாவை நினைத்துக்கொண்டால் போதும். கோலியைப் பட்டென்று உள்ளே தள்ளினால் காதைப் பிளக்கும் சத்தம் வருகிறது. விரலால் மெள்ள அழுத்தி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் உஸ் என்ற பெருமூச்சோடு அடங்கிவிடுகிறது. இரண்டு தடவையும் உள்ளே இருந்த காற்று ஒன்றே, அழுத்தமும் ஒன்றே. வெளியேற எடுத்துக்கொண்ட நேரம்தான் வேறு. அடைபட்ட வாயு ஒரே பாய்ச்சலாக வெளியே வந்து சுற்றியுள்ள காற்றை அறைவதுதான் வெடிச் சத்தம். அதே வாயுவை வழியில் நிறுத்தி, விரியவிட்டு, குளிர்வித்து, சீராகக் கசியவிட்டால் அறைய அதனிடம் பலம் இருக்காது.

தொட்டியில் சுழித்த நீர்

இந்த எண்ணம் பெர்ஸிக்குக் குளிக்கும் தொட்டியில் உதித்ததாம். குளித்து முடித்து அடைப்பானை எடுத்ததும் நீர் சுழித்துச் சுழித்து இறங்குவதைப் பார்த்தார். நேராக விழுந்திருந்தால் ஒரு கணத்தில் போயிருக்க வேண்டிய நீர், சுழல்வதனால் தயங்கித் தயங்கிப் போகிறது. துப்பாக்கியின் வாயில் வெடிமருந்துப் புகையையும் இப்படிச் சுழலவிட்டால் என்ன?

துப்பாக்கிதான் ஏன் முதலில் என்று கேட்கலாம். குண்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். துப்பாக்கி மன்னரின் மகன். சிற்றப்பா ஹட்ஸன் மாக்ஸிம் வெடிமருந்து ஆராய்ச்சியில் ஒரு கையை இழந்தவர். அந்தக் குடும்பத்தில் கைக்கு எட்டிய தூரத்தில் கிடந்தது துப்பாக்கிதான். 1908-ல் விண்ணப்பம் செய்து, 1909 மார்ச் 30-ந் தேதி காப்புரிமை பெற்றார். துப்பாக்கிக் குழாயின் முனையில் திருகிக்கொள்ளும் ஒரு சிறு உருளை. உள்ளே வளைந்த தகடுகள் வரிசை வரிசையாக நின்று சிறு அறைகளாகப் பிரிக்கும். குண்டு நடுத் துவாரத்தின் வழியே நேராகப் போய்விடும். பின்னால் வரும் புகை ஒவ்வோர் அறையிலும் மாட்டிச் சுழன்று, வேகம் தணிந்து, கடைசியில் ஓசையின்றி வெளிவரும்.

குண்டு ஒலியின் வேகத்தை மிஞ்சிப் போனால், அதாவது நொடிக்குச் சுமார் 1,100 அடிக்கு மேல் பறந்தால், அது காற்றைக் கிழிக்கும் சாட்டைச் சத்தத்தை எந்தக் கருவியாலும் மறைக்க முடியாது. இந்த உண்மையைப் பெர்ஸி மறைக்கவில்லை. கருவி அடக்குவது வாயுவின் சத்தத்தை மட்டும். விமானத்திலும் இதே வரம்பு குறுக்கிடுவதைப் பின்னால் பார்க்கலாம்.

ஜனாதிபதியாக இருந்து இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் கூட ஒரு மாக்ஸிம் சைலன்சரைத் தம் வின்செஸ்டர் துப்பாக்கிக்கு வாங்கிப் பொருத்திக்கொண்டார். குறி பார்த்துச் சுட்டுப் பழகுகிறவர்கள், அண்டை அயலார் தூக்கம் கெடாமல் வீட்டுக் கொல்லையிலேயே பழகலாம். காதும் பிழைக்கும் என்பதுதான் பெர்ஸியின் கருத்து. உலகம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஓசையின்றிக் கொலை செய்ய ஒரு சாதனம் வந்துவிட்டது என்று பத்திரிகைகள் அலறின. நாவலாசிரியர்களும் சினிமாக்காரர்களும் அந்தக் கருவியை வில்லனின் கையில் கொடுத்துவிட்டார்கள். 1934-ல் அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் செய்து, சில டாலர்களுக்கு விற்ற அந்தக் கருவிக்கு 200 டாலர் வரி போட்டது. அந்த நாளில் அது ஒரு சாதாரணக் குடும்பத்தின் சில மாதச் செலவு.

பெர்ஸி அதற்கு வெகு முன்பே பாதையை மாற்றிக்கொண்டுவிட்டார். துப்பாக்கி ஒரு தடவை வெடித்து ஓய்கிறது. என்ஜின் வெடித்துக்கொண்டே இருக்கிறது. தத்துவம் இரண்டுக்கும் ஒன்றே. அவருடைய கம்பெனி மோட்டார் படகு, தொழிற்சாலை டீசல் என்ஜின் என்று எல்லாவற்றுக்கும் சைலன்சர் செய்யத் தொடங்கியது. தெருச் சத்தம் உள்ளே வராமல் காற்றை மட்டும் விடும் ஜன்னல் கருவி கூடச் செய்தார்கள். கம்பெனி நிலைத்து நின்றது இந்த என்ஜின் வேலையினால்தான்.

இங்கே ஒரு சொல் விநோதம். அமெரிக்காவில் சைலன்சர் என்றால் துப்பாக்கிக் கருவிதான். மோட்டாரில் இருப்பதை அங்கே மப்ளர் என்பார்கள். நமக்கோ மப்ளர் மார்கழிப் பனியில் கழுத்தைச் சுற்றுவது. நம் ஊர் மோட்டார் பட்டறைகளில், ஆங்கிலேயர் வழக்கைப் பின்பற்றி, புகைக் குழாய்க் குடுவைக்குச் சைலன்சர் என்றே பெயர் விழுந்துவிட்டது. பெர்ஸிக்கு மிகப் பிடித்திருக்கக் கூடிய பொருளில் அந்தச் சொல் நிலைத்தது கடல் கடந்த ஊர்களில்தான்.

பறக்கும் வெடி

விமானத்துக்கும் மாக்ஸிம் குடும்பத்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. ரைட் சகோதரர்கள் பறந்ததற்கு ஒன்பது வருஷங்களுக்கு முன்பே, 1894 ஜூலை 31-ந் தேதி, இங்கிலாந்தில் கெண்ட் ஜில்லாவில் தகப்பனார் மாக்ஸிம் ஒரு ராட்சச விமானத்தை ஓட்டிப் பார்த்தார். இறக்கை முனைக்கு முனை நூறு அடிக்கு மேல். எடை மூன்றரை டன். தலா 180 குதிரைச் சக்தியுள்ள இரண்டு நீராவி என்ஜின்கள். 1,800 அடி நீளத் தண்டவாளத்தில் ஓடிய அந்த யந்திரம், மேலே எழும்பாதபடி தடுக்கப் போட்டிருந்த காவல் தண்டவாளத்தையே முறித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. உடனே நீராவியை நிறுத்தினார்கள். அதற்குள் யந்திரம் சேதமாகிவிட்டது. அதற்கு வேண்டியிருந்தது இலேசான ஒரு பெட்ரோல் என்ஜின். அந்த வருஷங்களில்தான் கடலுக்கு அப்பால் மகன் பித்தளைக் கூட்டில் பெட்ரோல் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார்!

மகனுக்கும் ஆகாயத்தில் ஆசை உண்டு. ஹார்ட்போர்டு நகரத்தின் விமானத்துறைக் குழுவுக்கு அவர் தலைவராக இருந்தார். ஆனால் அவர் காலத்து விமானிகள் சப்தத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. உயிரோடு இறங்கினால் போதும் என்றிருந்தார்கள். அப்போது பிரசித்தமாக இருந்தது 1909-ல் வந்த பிரெஞ்சு நோம் என்ஜின். அதைச் சுழல் என்ஜின் என்பார்கள். சிலிண்டர்கள் எல்லாம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல அமைந்து, விசிறியோடு சேர்ந்து தாமே கிறுகிறு என்று சுற்றும். உயவுக்கு விளக்கெண்ணெய், அது சொட்டாகத் தெறித்து விமானியின் முகத்தில் அபிஷேகம் ஆகும். சிலிண்டரின் தலையிலுள்ள வால்வு திறந்ததும் புகை நேராக ஆகாயத்துக்குப் போய்விடும். சுற்றுகிற சிலிண்டரில் சைலன்சரை எங்கே கட்டுவது? முதல் உலக யுத்தம் முடிந்து அந்த என்ஜின் மறைந்த பிறகுதான், நின்ற என்ஜினும் புகைக் குழாயும் விமானத்தில் நிலைபெற்றன.

சுழல் என்ஜின் என்ற பெயர் மட்டும் மறையவில்லை. ஜெர்மனியில் பெலிக்ஸ் வாங்கல் என்பவர் கண்ட வேறொரு தினுசு என்ஜின் 1957-ல் முதன் முதலாக ஓடியது. இதில் சிலிண்டர் சுற்றுவதில்லை. முட்டை வடிவமான அறைக்குள் முக்கோண உருளை ஒன்று சுற்றி வரும். வால்வு கிடையாது, மேலும் கீழும் இடிக்கும் பிஸ்டன் கிடையாது. ஜப்பானிய மாஸ்டா கம்பெனி 1967 முதல் இதைக் காரில் வைத்து விற்றது. இலேசானது, உறுப்புகள் குறைவு, நடு வானில் பட்டென்று ஒடிந்து போக அதிகம் எதுவும் இல்லை. ஆகவே வீட்டுக் கொட்டகையில் தாமே விமானம் கட்டுகிற ஆர்வலர்கள் சிலர், 1978-ல் வந்த ஆர்.எக்ஸ். 7 போன்ற கார்களின் என்ஜினை எடுத்து விமான மூக்கில் வைத்தார்கள்.

வைத்துக் கிளப்பிய பிறகுதான் அதன் தொல்லை தெரிந்தது. சாதாரண என்ஜினில் வால்வு சிறுகச் சிறுகத் திறக்கிறது. புகை கொஞ்சமாவது நிதானமாக வெளிவருகிறது. வாங்கல் என்ஜினில் முக்கோணத்தின் முனை, புகைத் துவாரத்தைத் தாண்டிய கணத்திலேயே கதவு முழுதும் திறந்துவிடுகிறது. கோலியைப் பட்டென்று தள்ளின கதைதான். அதோடு, இரட்டை உருளை என்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது நொடிக்கு 200 வெடி வெளிப்படும். நான்கு சிலிண்டர் விமான என்ஜின் 2,700 சுற்றில் நொடிக்கு 90 வெடியோடு நின்றுவிடும். எண்ணிக்கை ஏற ஏற சுருதியும் ஏறுகிறது. மனிதக் காதுக்கு உயர்ந்த சுருதிதான் அதிகம் உறுத்தும். போதாக்குறைக்குப் புகையின் சூடு 900 டிகிரி சென்டிகிரேடைத் தொடும். கடையில் வாங்கிய கார் சைலன்சரை மாட்டினால், உள்ளே இருக்கும் பஞ்சு எரிந்து பறந்துவிடும். துளையிட்ட மெல்லிய தகடு அரித்து விழும்.

பெரிய சைலன்சராக மாட்டிவிடலாமே என்றால், ஆகாயத்தில் ஒவ்வொரு ராத்தலும் கணக்கு. வழியை நெருக்கினால் புகை பின்னுக்குத் தள்ளி என்ஜினின் சக்தியைத் தின்னும். வெளியே தொங்கினால் காற்றைத் தடுக்கும். ஆகவே இந்த ஆர்வலர்கள் பஞ்சை விட்டுவிட்டுக் கனமான எவர்சில்வர்க் குழாயில், அல்லது நிக்கல் கலந்த சூடு தாங்கும் உலோகத்தில், அறைகளையும் தடுப்புகளையும் தாமே பற்றவைத்துப் பார்க்கிறார்கள். வாயுவை விரியவிடு, திருப்பிவிடு, தணியவிடு. பெர்ஸியின் உருளைக்குள் நடந்ததும் இதுதான். சிலர் புகையைக் கொண்டு டர்போ சக்கரத்தைச் சுற்றவைக்கிறார்கள். சக்கரத்தில் மோதியே வெடிகளின் கூர்மை மழுங்கிவிடும், சக்தியும் கூடும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று இதைச் சொல்லலாம், செலவு செய்யப் பணமிருந்தால்.

எவ்வளவு அடக்கினாலும் விசிறியின் சத்தம் மிஞ்சும். விசிறி முனை ஒலியின் வேகத்தை நெருங்கினால் அதுவே அலறும். குண்டின் சாட்டைச் சத்தம் போல அது சைலன்சருக்குக் கட்டுப்படாது. விசிறியின் வேகத்தைக் குறைத்து, இதழ்களைக் கூட்டினால்தான் அடங்கும். வியட்நாம் யுத்த காலத்தில், இரவில் எதிரியின் தலைக்கு மேல் ஓசைப்படாமல் பறந்து வேவு பார்க்க லாக்ஹீட் கம்பெனி இந்த இரண்டு வழிகளையும் சேர்த்துக் கையாண்டது. 1960-களின் இறுதியில் அவர்கள் பரிசோதித்த கியூ ஸ்டார் என்ற விமானத்தில் வாங்கல் தினுசு என்ஜின் ஒன்றையே பொருத்திப் பறக்கவிட்டார்கள். உரத்த என்ஜினையும் மௌனமாக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அது பணத்தைப் பாராத ராணுவத்தின் வேலை. கொட்டகையில் கட்டுகிறவர் தம் காதையும், பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமையையும், ஜெர்மனி, ஸ்விட்ஸர்லாந்து போன்ற தேசங்களில் சட்ட வரம்பையும் காப்பாற்ற வேண்டும். விமான மைதானத்தை மூடச் சொல்லி ஊரார் கிளம்புவது பெரும்பாலும் சத்தத்தினால்தான்.

ஆகாயத்தில் இன்னொரு இரைச்சல்

இனி பெர்ஸியின் கதைக்குத் திரும்பலாம். நாற்பது வயதுக்குப் பிறகு அவருக்கு ஒரு புதுப் பித்து பிடித்தது. அதுதான் கம்பியில்லாத் தந்தி. 1914 ஏப்ரலில், ஒரு ரேடியோ வால்வு வாங்குவதற்காக, முப்பது மைலில் இருந்த ஸ்பிரிங்பீல்டு ஆர்வலர் ஒருவருக்குத் தம் நிலையத்திலிருந்து செய்தி அனுப்பப் பார்த்தார். எட்டவில்லை. இடையில் வின்ஸர் லாக்ஸ் ஊரில் இருந்த ஒருவர் வாங்கித் திருப்பி அனுப்பினார். செய்தி போய்ச் சேர்ந்தது. ஊருக்கு ஊர் இப்படிக் கை மாற்றினால் தேசம் முழுவதையும் இணைக்கலாமே என்று, கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டு அமெரிக்க ரேடியோ ரிலே லீக் என்ற சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டில் க்யூ.எஸ்.டி. என்ற பத்திரிகை பிறந்தது. 1925-ல் பாரிஸில் உலகச் சங்கம் தோன்றியபோது அதற்கும் அவரே தலைவர்.

அந்தப் பத்திரிகையில் கிழவனார் என்ற புனைபெயரில் ஒருவர் அவ்வப்போது பொரிந்து தள்ளுவார். ஒருவர் செய்தியின் மேல் இன்னொருவர் ஏறி மிதித்து ஆகாயத்தைச் சந்தைக் கடையாக்குகிறார்களே என்பதுதான் அவருடைய ஓயாத புகார். படித்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கொஞ்சம் திருந்தவும் செய்தார்கள். கிழவனார் யார் என்று வருஷக் கணக்கில் ஊகித்துப் பார்த்தும் யாருக்கும் தெரியவில்லை.

தகப்பனார் 1916 நவம்பரில் லண்டனில் காலமானார். அவர் தம்மையும் தாயாரையும் விட்டுப் போனதைப் பற்றி மகன் கசந்து எழுதவில்லை. தாம் சிறுவனாக இருந்தபோது கண்ட தகப்பனாரை, அந்தக் குறும்புகளோடும் பிடிவாதங்களோடும், அறுபதுக்கு மேற்பட்ட சிறு கதைகளாக எழுதிவைத்தார். ஏ ஜீனியஸ் இன் தி பேமிலி என்ற அந்த நூல் 1936-ல் வெளிவந்தது. பத்து வருஷங்கள் கழித்து ஹாலிவுட் அதைச் சினிமாவாகவும் எடுத்தது. மோட்டார் அனுபவங்களைப் பற்றிய இன்னொரு நூல் 1937-ல் வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

1936 பிப்ரவரியில் மனைவி ஜோஸபினுடன் மேற்குக் கரைக்கு ரயில் பிரயாணம் கிளம்பினார். வழியில் தொண்டை நோய் கண்டது. கொலராடோ மாநிலத்து லா ஹண்ட்டாவில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 17-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது அறுபத்தாறு. மனைவியின் ஊரான மேரிலாந்து ஹேகர்ஸ்டவுனில் அடக்கம் செய்தார்கள். அதன் பிறகுதான் கிழவனார் யார் என்ற ரகசியத்தைப் பத்திரிகை வெளியிட்டது. அவருடைய ரேடியோ நிலையத்துக்கு உரிய டபிள்யூ.1.ஏ.டபிள்யூ. என்ற அழைப்புக் குறியைச் சங்கம் தன் தலைமை நிலையத்துக்கு வைத்துக்கொண்டது. கனெக்டிகட் மாநிலம் நியூயிங்டனிலிருந்து அந்த நிலையம் அவருடைய குறியிலேயே இன்றும் ஒலிபரப்புகிறது.